செயற்கைப் பாரில் ஸ்கூபா டைவிங்: நெல்லைக் கடலில் இறங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டப்புளியில் தொடங்கி பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை என்று கிழக்கே போகும் கரையில் மீன் எங்கே கூடும் என்று கேட்டால், பாரைத்தான் சொல்வார்கள். கடலடி மணலில் எழும்பி நிற்கும் பாறைத் திட்டு அது. வெறும் மணல்வெளியில் மீனுக்கு ஒளிய இடமில்லை, ஒட்டி வளரும் உயிர்களுக்குப் பிடிமானமும் இல்லை. நாலு கல் கிடந்தால் போதும், எல்லாம் வந்து சேர்ந்துவிடும். இதை நம்பித்தான் கான்கிரீட்டில் முக்கோணக் கூடுகளும் துளை போட்ட கிணற்று உறைகளும் வார்த்து, மொத்தமாகக் கொண்டுபோய்க் கடலில் இறக்குகிறார்கள். தமிழகக் கரையோரம் பல இடங்களில் மீன்வளத்துறை இதைச் செய்திருக்கிறது. வடிவமைப்பிலும் இடத்தேர்விலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பங்கு பெரியது.

இப்படிப்பட்ட ஒரு செயற்கைப் பாரில் சிலிண்டர் கட்டி இறங்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பார் டைவருக்காகப் போட்டதல்ல. தூண்டில் போடுகிற, சின்ன வலை விடுகிற மீனவருக்காகப் போட்டது. இழுவை மடி அதன் மேல் வந்தால் சிக்கிக் கிழியும் என்பதால் பெரிய விசைப்படகுகள் ஒதுங்கிப் போகும். அதுவும் ஒரு நோக்கம்தான். அடுத்தவர் வயலுக்குள் நுழைகிறோம் என்ற நினைப்போடு போனால் பாதிச் சிக்கல் வராது.

எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

பார் கிடக்கும் இடம், ஆழம், எப்போது போட்டது என்பதையெல்லாம் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். எழுத்தில் கேளுங்கள். அந்த இடத்தில் டைவ் செய்யத் தடை எதுவும் உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல். அங்கே தடைசெய்யப்பட்ட பகுதி உண்டு. அதன் அருகே கறுப்பு உடை போட்ட நாலு பேர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிடும் ஆசையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது, தூத்துக்குடிப் பக்கம் உள்ள தீவுகள். வான் தீவு கடல் அரிப்பில் கரைந்துகொண்டே போனதால் 2015இல் தொடங்கி அதைக் காக்க சரிவக வடிவச் செயற்கைப் பார் கட்டைகளை இறக்கினார்கள். டைவர் கண்ணுக்கு அது ஆசை காட்டும் இடம்தான். ஆனால் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே போகக் கூடாது.

பூங்காவுக்கு வெளியே இருந்தாலும் நெல்லைக் கரை மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தோடு சேர்ந்ததுதான். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. ஒரு துண்டுகூட மேலே வரக் கூடாது.

உடம்பு தயாரா?

எந்த டைவிங் பள்ளியிலும் முதல் நாள் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதில் ஆபரேஷன், நுரையீரல் கோளாறு, சர்க்கரை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். பொய் சொல்லித் தப்பிக்கலாம்; பாதிப்பு சொன்னவருக்குத்தான்.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். மாத்திரையின் வேகம் பாதியில் குறைந்தால், இறங்கும்போது காதிலும் சைனஸிலும் புகுந்த காற்று ஏறும்போது வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். முந்தின நாள் இரவு குடித்தவரையும் படகில் ஏற்றாதீர்கள்.

பயிற்சி: கிணற்றில் கற்றதை மறக்க வேண்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு நீச்சல் புதிதில்லை. கிணற்றில் மேலேயிருந்து குதித்து, மூச்சை அடக்கி அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவது பலருக்குச் சின்ன வயது விளையாட்டு. தாமிரபரணிக் கசத்தில் முங்கி அக்கரையில் எழுந்தவர்களும் உண்டு. தண்ணீரைக் கண்டு பயம் இல்லாதது நல்லதுதான். ஆனால் மூச்சை அடக்கும் அந்தப் பழக்கம் ஸ்கூபாவில் ஆளைக் கொன்றுவிடும்.

காரணம் எளிது. கரையில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பங்கு சேரும். 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. கிணற்றில் முங்குகிறவர் மேலேயிருந்து இழுத்துப்போன காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது, அதனால் ஆபத்தில்லை. ஸ்கூபாவில் கதை வேறு. 10 மீட்டர் ஆழத்தில் வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் கருவி வழியாக நெஞ்சு நிறைய இழுக்கும் காற்று அந்த அழுத்தத்தில் வரும் காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். நுரையீரலுக்கு அவ்வளவு இடம் கிடையாது. கிழியும், காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம். இதற்கு ஆழம்கூட வேண்டியதில்லை. நெஞ்சு நிறையக் காற்றோடு இரண்டு மீட்டருக்கும் குறைவாக ஏறியவர்களுக்கே நடந்திருக்கிறது.

ஆகவே முதல் விதி: மூச்சை நிறுத்தாதே. படம் எடுக்கும்போதும், பயந்தபோதும், வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றபோதும் மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாயில் கருவி இல்லாத நேரத்தில் சிறு குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல நீச்சல்காரருக்குத்தான் இது கடினமாக வரும். நீச்சல் குளத்தில் திரும்பத் திரும்பச் செய்துதான் பழைய பழக்கம் போகும்.

பயிற்சிக்குப் புதுச்சேரி, கேரளக் கோவளம், கர்நாடகத்து முருடேஸ்வர், அந்தமான் என்று பல இடங்கள் உண்டு. ‘பாடி’ அல்லது ‘எஸ்எஸ்ஐ’ அமைப்பின் ஓப்பன் வாட்டர் சான்றிதழ்தான் அடிப்படை. பொதுவாக மூன்று நான்கு நாள் ஆகும். 200 மீட்டர் நீச்சல், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதப்பது, குளத்தில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். இந்தச் சான்றிதழோடு 18 மீட்டர் வரை போகலாம். அதற்குக் கீழே பார் கிடந்தால் அட்வான்ஸ்டு படிப்பு வேண்டும். அதன் எல்லை 30 மீட்டர். சுற்றுலாத் தலங்களில் ஒரே நாளில் ஆளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போகிறார்களே, அதை மட்டும் செய்தவர் இந்தப் பாருக்கு வரக் கூடாது.

சான்றிதழ் வாங்கிய கையோடும் வர வேண்டாம் என்பது என் கருத்து. தெளிந்த தண்ணீரில், பழகிய வழிகாட்டிகளோடு இருபது டைவாவது செய்துவிட்டு வாருங்கள். நெல்லைக் கடலில் தண்ணீர் கலங்கும், நீரோட்டம் இழுக்கும், பாரில் அறுந்த வலை தொங்கும். இந்த மூன்றும் புதிதாகக் கற்றவரைப் பதற்றப்படுத்தும்.

மாதமும் காற்றும்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பது இந்தப் பக்கம் வெறும் பழமொழி இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலிருந்து பணகுடி வரை காற்றாலைகள் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆற்றுத் தண்ணீர் கடலில் சேர்ந்து கலங்கிக் கிடக்கும்.

மிச்சம் இருப்பது தை பிற்பகுதி முதல் சித்திரை வரை. கொற்கைக் காலம் தொட்டுப் பேர் பெற்ற முத்துக்குளிப்பும் பெரும்பாலும் பங்குனி, சித்திரையை ஒட்டித்தான் நடந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். தண்ணீர் தெளியும் மாதம் எது என்பதில் அவர்கள் கணக்கு இன்றைக்கும் பொருந்தும்.

அந்த நல்ல மாதங்களிலும் ஒரு கண்ணி உண்டு. கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து திடீரென்று கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. புறப்படும் முந்தின நாள் மாலையும் அன்று காலையும் அதைப் பாருங்கள். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், சிறிய படகுகள் போகும். கடலில் போக்குவரத்து குறைவு என்பது நமக்கு வசதி.

ஊர்ச் சம்மதம், படகு

அரசு அனுமதி ஒரு பக்கம். ஊர்ச் சம்மதம் இல்லாமல் இந்தக் கரையில் எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. ஊர் கமிட்டியைப் பாருங்கள். யார் நீங்கள், எதற்கு இறங்குகிறீர்கள், எத்தனை பேர், என்றைக்கு என்று சொல்லுங்கள். மீனைச் சுடும் துப்பாக்கி கிடையாது, சங்கோ சிங்கி இறாலோ எடுக்கப் போவதில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். சந்தேகமெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

நாள் குறிப்பதில் ஒரு நுணுக்கம். இந்தக் கரையில் பெரும்பாலான ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் தொழிலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்குப் பாரின் மேல் வலை இருக்காது என்பதால் டைவருக்கு அது நல்ல நாள். ஆனால் ஊர் ஓய்ந்திருக்கும் நாளில் படகைத் தள்ளச் சொல்லலாமா என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற நாள் என்றால், வலை விட்டவர்கள் எடுத்துக்கொண்டு திரும்பிய பிறகு போங்கள்.

ஃபைபர் படகு போதும். அதைவிட முக்கியம் ஓட்டுகிறவர். அந்தப் பாரில் தொழில் செய்கிற ஆளாக இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் மூத்த மீனவர்கள் கணியம் பார்த்தே இடத்தைச் சொல்வார்கள். கோவில் கோபுரத்துக்கு நேர் பின்னால் மலையின் எந்த முகடு வருகிறது, பக்கவாட்டில் எந்தக் காற்றாலைக்கு எந்தத் தேரி, அதாவது செம்மணல் மேடு, நேர் வருகிறது என்று இரண்டு கோடு பிடித்தால், அவை வெட்டும் இடத்துக்கு அடியில் பார். ஜி.பி.எஸ். எண்ணும் இவர் கணியமும் ஒத்துப்போனால் நம்பி இறங்கலாம்.

அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "தம்பி, தண்ணி கலங்கிக் கெடக்கு, நீவாடும் இழுக்கு. நாளைக்குப் பாப்பம்" என்பார். நீவாடு என்றால் நீரோட்டம். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பேசிய காசில் பாதியையாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு நமக்காக நின்றவர் அவர்.

சாமான்கள்

மாஸ்க், துடுப்பு, காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பிசிடி சட்டை, ரெகுலேட்டர், அதோடு ஜோடிக்குக் கொடுக்க இன்னொரு வாய்க்கருவி, கேஜ், டைவ் கம்ப்யூட்டர். இதெல்லாம் பயிற்சியிலேயே பழகியிருக்கும். தண்ணீர் குளிராது என்றாலும் 3 மில்லிமீட்டர் முழுக்கை உடை போடுங்கள். கான்கிரீட்டில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் (பார்னக்கிள்) சிப்பியும் பிளேடு மாதிரி அறுக்கும், சொறி மீனும் வரும்.

இந்தப் பாருக்கென்று கூடுதலாக வேண்டியவை: வலை, நைலான் நரம்பு அறுக்கும் சிறு கத்தி இரண்டு, வெவ்வேறு கைக்கு எட்டும்படி. சிக்னல் மிதவையும் சுருளும். ஊதல். டார்ச்.

சிலிண்டரை எங்கே நிரப்புகிறார்கள் என்பதைக் கேட்காமல் விடாதீர்கள். மூச்சுக்காற்றுக்கென்று வடிகட்டியோடு உள்ள கம்ப்ரஸரில்தான் நிரப்ப வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கலாம். ஆழத்தில் அதன் விஷம் இன்னும் ஏறும். திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

படகில் இருக்க வேண்டியவை: ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும், முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர், ஃபிளாஸ்க்கில் வெந்நீர். வெந்நீர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஈய எடையைக் கடலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கனம். ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், குளத்தில் கட்டியதைவிட இரண்டரைக் கிலோ கூடுதலாக வேண்டும்.

காற்றுக் கணக்கு

இதைக் கரையிலேயே பேப்பரில் போட்டுவிட வேண்டும். பார் 18 மீட்டரில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அழுத்தம் காட்டும் கேஜ் 200 காட்டும்வரை, அதாவது ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்துக்கு, நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. இதில் 50 எப்போதும் கையிருப்பு, தொடக் கூடாது. மிச்சம் 150, அதாவது 1,650 லிட்டர். நிதானமாக மூச்சு விடுபவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆகும் என்றால், 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, ஆகவே 56 லிட்டர். வகுத்தால் 29 நிமிடம். புதியவர் பதற்றத்தில் 30 லிட்டர் இழுப்பார். அவருக்கு 84 லிட்டர்; இருபது நிமிடம்கூட வராது. இறங்கி ஏறும் நேரமும் இதற்குள்தான்.

18 மீட்டரில், அழுத்தத்தால் உடம்பில் கரையும் நைட்ரஜனின் கணக்குப்படி நிற்கக்கூடிய நேரம் ‘பாடி’ அட்டவணையில் 56 நிமிடம். ஆக முதல் டைவில் அதற்கு முன்பே காற்று முடிந்துவிடும். இரண்டாவது டைவில் அப்படி இல்லை; முதல் டைவின் நைட்ரஜன் உடம்பில் மிச்சம் இருக்கும். கம்ப்யூட்டர் சொல்வதைக் கேளுங்கள். குறைந்தது ஒரு மணி நேரமாவது படகில் இருந்துவிட்டு இறங்குங்கள்.

ஜோடியில் யாருக்கு முதலில் 100 காட்டுகிறதோ, அப்போதே இருவரும் இறங்கிய கயிற்றை நோக்கித் திரும்ப வேண்டும்.

புறப்படும் காலை

பல ஊர்களில் துறைமுகம் கிடையாது. மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ள வேண்டும். அலையைத் தடுக்கும் கல் சுவரான தூண்டில் வளைவு இருக்கும் ஊரில் கொஞ்சம் சுலபம். சிலிண்டர்களைப் படுக்க வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அலை தாண்டும் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு சிலிண்டர் உருண்டால் யாராவது ஒருவர் கால் போய்விடும்.

இடம் வந்ததும் நங்கூரத்தைப் பாரின் மேல் போடச் சொல்லாதீர்கள். கான்கிரீட்டுக்குள் மாட்டினால் எடுக்க முடியாது, வளர்ந்ததெல்லாம் உடையும். எடை கட்டிய கயிற்றை மிதவையோடு பாருக்குப் பக்கத்து மணலில் இறக்குங்கள். மிதவை எந்தப் பக்கம் சாய்கிறது, கயிறு எவ்வளவு விறைக்கிறது என்பதிலேயே நீவாட்டின் பலம் தெரிந்துவிடும். மிதவை தண்ணீருக்குள் முங்கினால் திரும்பிவிடுங்கள்.

டைவர் இறங்கியிருப்பதைக் காட்டும் கொடி ஏற்ற வேண்டும்தான். ஆனால் பக்கத்துப் படகுக்காரருக்கு அது என்ன கொடி என்று தெரிந்திருக்காது. போகிற வழியிலேயே பார்க்கிற படகிடமெல்லாம் சொல்லிவிடுவது மேல். படகில் இருவர் தங்க வேண்டும்: ஒருவர் எஞ்சினில், ஒருவர் குமிழியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஜோடி ஜோடியாகச் சரிபாருங்கள். பிசிடி ஊதுகிறதா, எடைப்பட்டை ஒரே இழுப்பில் கழல்கிறதா, வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, வாயில் வைத்து இழுக்கும்போது கேஜ் முள் ஆடுகிறதா. ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.

கயிற்றோடு கீழே

முதுகுப்பக்கமாகச் சரிந்து விழுந்து, ‘ஓகே’ காட்டி, மிதவைக்குப் போங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் கீழாக, மெதுவாக இறங்குங்கள். முதல் ஐந்து மீட்டர்தான் காதுக்குக் கஷ்டம். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து இலேசாக ஊதுங்கள். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் ஏறி மறுபடி. முக்கி ஊதினால் செவிப்பறை கிழியும். நாலு தடவை பார்த்தும் திறக்காத காதோடு இறங்காதீர்கள். அன்றைக்குப் படகில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காவல் இருங்கள்.

மேலே கலங்கல், கீழே தெளிவு என்றும் இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். பத்து மீட்டர் தூரம் தெரிந்தால் நல்ல நாள். மூன்று மீட்டருக்குக் குறைந்தால் ஜோடி தொலையும், திரும்பி ஏறுங்கள். ஜோடி கண்ணில் படவில்லையென்றால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வர வேண்டும், அவரும் வருவார். இதைப் படகிலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

பாரில்

அடிமணலுக்கு ஒரு மீட்டர் மேலேயே உங்கள் மிதப்பைச் சரி செய்துகொள்ளுங்கள். மணலில் கால் பட்டால் தூசி கிளம்பி எல்லாம் மறையும். துடுப்பை மேலும் கீழும் அடிக்காமல் தவளை மாதிரி பக்கவாட்டில் உதையுங்கள். நீவாட்டை எதிர்த்துத் தொடங்குங்கள். திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும்.

முதலில் ஒரு உறைக்கு முன்னால் நின்று பார்ப்பதே போதும். பாரையெல்லாம் சுற்றி வர வேண்டும் என்று அவசரப்படுகிறவர் ஒன்றும் பார்ப்பதில்லை. தூரத்திலிருந்து எல்லாம் பழுப்பும் பச்சையுமாகத் தெரியும். சிவப்பு நிறம் மேலேயே சில மீட்டரில் வடிகட்டப்பட்டுவிடும். விரலில் கீறல் விழுந்தால் ரத்தம்கூடப் பச்சையாகத்தான் தெரியும். டார்ச்சை அடித்ததும் அதே கான்கிரீட் மேல் ஆரஞ்சும் சிவப்புமாகக் கடற்பஞ்சு எரியும். இன்னும் பக்கத்தில் போனால், வெறும் சொரசொரப்பு என்று நினைத்தது கொட்டலசுக் கூட்டம். ஒவ்வொன்றும் மூடியைத் திறந்து இறகு போன்ற காலை வெளியே வீசி, தண்ணீரை வாரி, உள்ளே இழுக்கும். உங்கள் நிழல் பட்டதும் அந்தப் பக்கம் மட்டும் மொத்தமாக மூடிக்கொள்ளும். துளைக்குள் மீசை மட்டும் ஆடினால் சிங்கி இறால். வாயைத் திறந்து திறந்து மூடும் தலை தெரிந்தால் அஞ்சாளை; அது மிரட்டவில்லை, மூச்சு விடுகிறது. கையை உள்ளே விட்டால் மட்டும் கடிக்கும். உறையின் இருட்டில் அசையாமல் நிற்பது கலவாய். மேலே வட்டமிடும் பாரை மீன் கூட்டமும் சீலாவும் இரைக்கு வந்தவை, இங்கே குடியிருப்பவை அல்ல.

பார் புதிதா பழையதா என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். இறக்கிய சில நாளிலேயே மீன் வந்து நிற்கும். ஒட்டி வளர்பவைதான் நேரம் எடுக்கும்: முதலில் பாசி, பிறகு கொட்டலசு, சிப்பி, அப்புறம் பஞ்சும் மென்பவளமும்.

உறைக்குள்ளோ கூட்டுக்குள்ளோ நுழையாதீர்கள். சிலிண்டரின் தலை மாட்டும். அதைவிடப் பெரிய பயம் அறுந்த வலை. நைலான் கண்ணுக்கே தெரியாது. முதலில் அதில் செத்துத் தொங்கும் மீன்தான் தெரியும். மாட்டிக்கொண்டால் திரும்பாதீர்கள், சுழன்றால் இன்னும் சுற்றும். அசையாமல் நின்று ஜோடிக்குச் சைகை காட்டுங்கள்; அவர் அறுப்பார். அவர் எட்டவில்லை என்றால்தான் உங்கள் கத்தி. வலையை அகற்றும் வேலை தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. அது கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

கல் மீன், சிங்க மீன், கெளுத்தி மாதிரி முள்ளில் விஷம் உள்ளவை குத்தினால் அந்த வெந்நீர்தான் முதலுதவி. தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். குத்துப்பட்ட இடத்துக்குச் சூடு உறைக்காது. அதனால் மற்றவர் கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. கடல் பாம்பு தானாக வந்து கடிப்பது அரிது. வலையில் சிக்கியதைத் தொடாமல் இருங்கள். இங்கே கிடைக்கும் சாதாரணப் பாம்புக்கடி மருந்து கடல் பாம்புக்குக் கேட்காது.

மேலே வருவது

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். பிசிடியில் உள்ள காற்று ஏற ஏற விரிந்து உங்களைத் தூக்கும், விட்டுக்கொண்டே வாருங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். கயிறு கிடைக்காவிட்டால் அங்கிருந்தே சிக்னல் மிதவையை மேலே அனுப்புங்கள். படகு வந்து பக்கத்தில் நின்று எஞ்சினை அணைத்த பிறகுதான் ஏணியைத் தொட வேண்டும். காற்றாடி சுற்றும் படகின் பின்பக்கம் போகவே போகாதீர்கள்.

கரைக்கு வந்த பிறகு

மூட்டு வலி, தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு, மரமரப்பு, தலைசுற்றல், சிறுநீர் பிரியாமை. டைவ் முடிந்த 24 மணி நேரத்தில் இவற்றில் எது வந்தாலும் நைட்ரஜன் குமிழியாகத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நம் பக்கம் இதை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். செய்ய வேண்டியது வேறு: படுக்க வையுங்கள், சுத்த ஆக்சிஜனை விடாமல் கொடுங்கள், நினைவு இருந்தால் தண்ணீர் கொடுங்கள், 108ஐ அழையுங்கள். சரி செய்கிறேன் என்று மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள். கிழக்கே இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, மேற்கே இருந்தால் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரி. டைவ் செய்தவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். அழுத்த அறைச் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்பதை டைவ் நடத்துபவர் முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்திருக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவரோடு போகாதீர்கள். கடலில் இருக்கும்போதே உதவி வேண்டுமென்றால் கடலோரக் காவல்படை எண் 1554.

ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. சாயங்காலம் வாகைக்குளத்தில் விமானம் பிடிக்கும் திட்டத்தை மாற்றி, நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள். மலையும் அதே கணக்குதான். காலையில் டைவ் செய்துவிட்டு மத்தியானம் மாஞ்சோலை ஏறுவது வேண்டாம்.

சாமான்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி நிழலில் காய வையுங்கள். எத்தனை கிலோ ஈயம் கட்டினீர்கள், எவ்வளவு காற்று மிச்சம், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று குறித்துவையுங்கள்.

அப்புறம் படகுக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பாரின் எந்த மூலையில் வலை தொங்குகிறது, எந்த உறை கவிழ்ந்து மணலில் புதைந்திருக்கிறது, கலவாய் எந்தப் பக்கம் நிறைய நின்றது என்று கேட்பார். எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். வருஷக் கணக்கில் அதன் மேல் தூண்டில் போட்டவர். கீழே அது எப்படிக் கிடக்கிறது என்பதைப் பார்த்திருக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் படகுக்காரர்களும் வந்து எட்டிப் பார்ப்பார்கள், போனில் சார்ஜ் வைத்திருங்கள்.